பாதி அடுக்கிய பை

கேபினுக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் கிரேன்காரனுக்கு மாலைவரை மனித முகம் கிடையாது. கீழே மஞ்சள் தொப்பிகள் நகரும். எந்தத் தொப்பிக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று அந்த உயரத்திலிருந்து தெரியாது. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், கண்ணாடி ஓரத்தில் மகள் ஒட்டிவிட்ட குருவிப் படம், ஒரு வாக்கி டாக்கி. அவ்வளவுதான் அவன் உலகம். மனைவி இருந்தபோது இந்தத் தனிமை அவனுக்குப் பிடித்திருந்தது. இறங்கிப் போனால் பேச ஆள் உண்டு என்று தெரிந்த தனிமை அது.

இப்போது அந்த வாக்கி டாக்கியில் வரும் குரல்தான் துணை. சங்கு என்று எல்லோரும் கூப்பிடும் மனிதரின் குரல். கீழே நின்று கிரேனுக்கு வழி சொல்வது அவர் வேலை. வாயைத் திறந்தால் ஆலைச் சங்கு ஊதியது போலிருக்கும். கட்டடத்துக்குப் பின்புறம் சுமையை இறக்கும்போது கிரேன்காரனுக்கு ஒன்றும் தெரியாது; சங்குதான் அவனுக்குக் கண். "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். குரல் வரும்வரை லிவர் நகரும். குரல் நின்றால் கையும் நிற்க வேண்டும். வேறு யார் தலைகீழாக நின்று கத்தினாலும் இறக்கக் கூடாது. அந்தத் தொழிலின் முதல் பாடம் அது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சங்கு வழக்கம்போல் கூப்பிட்டார். மனைவியை அடக்கம் செய்துவிட்டு அவன் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அவர் இதை ஒருநாளும் விட்டதில்லை.

"மாப்ளே, டப்பாவைத் திறந்தாச்சா?"

"திறந்துட்டேண்ணே."

"சும்மா திறந்து வெச்சா அது நடந்து வாய்க்குள்ள வராது. சாப்பிடு. பாப்பா இன்னைக்கா கிளம்புது?"

"ஆமாண்ணே. சாயங்கால பஸ்."

"சரி, முதல்ல சாப்பிட்டு முடி" என்றார் சங்கு.

கிரேன்காரனின் மனைவி இறந்ததும் அவளுடைய அக்கா வந்து தங்கி, வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கும் ஒரு வீடு உண்டு, தனியாகச் சமைத்துக் கையைச் சுட்டுக்கொள்ளும் ஒரு புருஷன் உண்டு. ஊருக்குத் திரும்பும்போது குழந்தையையும் கூட்டிப்போய் அங்கேயே பள்ளியில் சேர்ப்பதாகச் சொன்னாள். அவன் மறுக்கவில்லை. விடிவதற்கு முன் கிளம்பி இருட்டிய பின் திரும்புகிறவன் எதைச் சொல்லி மறுப்பான்? குழந்தைக்கு அதுதான் நல்லது என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான்.

சாப்பாடு முடிந்ததும் கண்ணாடிப் பலகைகள் அடுக்கிய பெட்டி ஒன்றைப் பின்புறம் இறக்கினார்கள். பெட்டி கூரையைத் தாண்டி அவன் பார்வையிலிருந்து மறைந்தது. "இறக்கு, இறக்கு, இற..." என்று வந்த குரல் சட்டென்று நின்றது.

அவன் கையும் நின்றது.

"அண்ணே?" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. காற்று கேபினை லேசாக ஆட்டியது. முன்பக்கம் நின்றிருந்த சூப்பர்வைசர் அண்ணாந்து பார்த்து, இரண்டு கைகளாலும் இறக்கு இறக்கு என்று ஜாடை காட்டினார். பிறகு தொப்பியைக் கழற்றி ஆட்டினார். திட்டுகிறார் என்று வாயசைவிலேயே தெரிந்தது. அவன் அசையவில்லை. தோள்பட்டை இறுகி வலித்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் சங்கு தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

ஒருவழியாகக் குரல் வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு.

"மாப்ளே! பேட்டரி செத்துப்போச்சுடா. வேற செட்டு வாங்கிட்டு ஓடி வரேன். பெட்டி ஓரமா ஒதுங்கி நிக்குது, இன்னும் ஒரு முழம் இறக்கியிருந்தா சாரத்துல மோதியிருக்கும். நான் எங்கேயோ போயிட்டேன்னு நினைச்சியா?"

"உங்க தொப்பையை வெச்சுக்கிட்டு எங்கண்ணே போவீங்க?"

"கொழுப்புடா உனக்கு. வலப்பக்கம் வா. மெதுவா. இப்ப இறக்கு, இறக்கு..."

மகள் ஊருக்குக் கிளம்பும் நாள் என்பதால் சூப்பர்வைசர் அன்று அவனைச் சீக்கிரம் போகவிட்டார்.

வீட்டில் மனைவியின் அக்கா, அவன் அண்ணி என்று கூப்பிடுகிறவள், வாசலிலேயே நின்றாள். கையில் பஸ் டிக்கெட், காலில் செருப்பு.

"தம்பி, வந்து உங்க மகளைக் கேளுங்க. மத்தியானத்துல இருந்து பிடிச்சு வெச்ச மாதிரி உட்கார்ந்திருக்கா. பாதித் துணியை அடுக்கினா, மீதியைத் தொடமாட்டேங்கிறா. நான் அடுக்கப் போனா கையைத் தட்டிவிடுறா."

உள்ளே தரையில் பை திறந்து கிடந்தது. பக்கத்தில் மடித்த துணிகள். ஆறு வயது மகள் குருவி சம்மணம் போட்டு, மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். அழுத அடையாளம் இல்லை.

அவன் எதிரே உட்கார்ந்தான். "என்னடா குருவி, பஸ்ஸுக்கு நேரமாச்சே?"

"நான் இயேசப்பாகிட்ட கேட்டேன்ப்பா. பெரியம்மாகூடப் போகவா, உங்ககூட இருக்கவான்னு."

"என்ன சொன்னார்?"

"பாதித் துணி வெச்சப்ப கேட்டேன். இன்னும் ஒண்ணும் சொல்லலை. அதான் நிறுத்திட்டேன்." அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே சொன்னீங்க, குரல் வரலேன்னா கையை அசைக்கக்கூடாதுன்னு."

அண்ணி கதவோரத்தில் பெருமூச்சு விட்டாள். "கேட்டீங்களா? இதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவன் மகள் பக்கம் திரும்பினான். "ரொம்ப நேரமா இப்படியேவா இருக்கே?"

"ம்."

"எனக்கும் இன்னைக்கு அப்படித்தான்டா ஆச்சு. சங்கு மாமா குரல் நின்னுபோச்சு. பேட்டரி செத்துப்போச்சாம். அவர் மறுபடி பேசற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்."

"கை வலிச்சுதா?"

"வலிச்சுது."

"எனக்குக் கால் வலிக்குது" என்றாள் குருவி. பிறகு கேட்டாள்: "நீங்க இயேசப்பாகிட்ட கேட்டீங்களாப்பா?"

அவன் கேட்கவில்லை. மனைவியின் கட்டிலோரம் முழங்காலில் நின்று கேட்டதுதான் கடைசி. அன்று பதில் வரவில்லை, அவள் போய்விட்டாள். அதன் பிறகு யாரிடம் கேட்பது என்று விட்டுவிட்டான். குழந்தையை அனுப்பும் முடிவையும் தானாகவே எடுத்தான்.

"அம்மா போனதுல இருந்து அவர் என்கிட்ட பேசலைடா" என்றான் மெல்ல.

குருவி யோசித்தாள். "பேசலேன்னாலும் அங்கதானே இருப்பார்? சங்கு மாமா இருந்தாரே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கேபினில் ஒருநாளும் செய்யாத தவறை வீட்டில் செய்திருந்தான். குரல் நின்றதும் ஆளே இல்லை என்று முடிவுகட்டி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சுமையை இறக்கத் துணிந்திருந்தான். அதுவும் எந்தச் சுமையை!

"அண்ணி," என்றான், "இன்னைக்கு இவ வரவேண்டாம்."

"அப்போ பள்ளிக்கூடம் விட்டு வந்தா யார் பார்த்துக்குவா?"

"தெரியலை."

"நீங்க வர்ற வரைக்கும் இது ஒண்டியா இருக்குமா?"

"அதுவும் தெரியலை அண்ணி. கேட்டுட்டு இருக்கோம்."

அண்ணி டிக்கெட்டைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். தங்கையின் மூக்கும் நெற்றியும் அப்படியே அந்த முகத்தில் இருந்தன. அவள் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். "திங்கட்கிழமை வரைக்கும் இருக்கேன். அதுவரைக்கும்தான். அதுக்குள்ள அங்க ஒரு மனுஷர் வெந்நீரைக்கூட அடிப்பிடிக்க வெச்சிடுவார்." முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

குருவி எழுந்திருக்கவில்லை. ஒரு கையை நீட்டி அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிச் சொன்னாள்: "இயேசப்பா, இப்ப நாங்க ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டு இருக்கோம். நீங்க சொல்ற வரைக்கும்."

அவனும் கண்ணை மூடினான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஜெபத்துக்காக மூடிய கண். சமையலறையில் பாத்திரம் உருண்டது. தெருவில் ஒரு பஸ் நின்று, கிளம்பிப் போனது. பதில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கீழே ஆள் நிற்கிறார் என்று தெரிந்தவன் போல அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பாதி அடுக்கிய பை அவர்கள் நடுவே திறந்தபடியே இருந்தது.