மடிப்புக் கலையாத சட்டை

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் துணியைக் கசக்கக்கூடத் தெரியவில்லை. நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையைப் பையில் வைத்து மறுபடியும் என்னிடமே இஸ்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். கேட்டால், "லேசா ஒரு தேய் தேய்ச்சுக் குடு பாய்" என்கிறார்கள். லேசாகத் தேய்த்தாலும் கரி எரியத்தான் செய்கிறது. அவர்களுக்கு முக்கியம் சட்டை இல்லை. என் வண்டிக்கு எதிரே இருக்கிற மாடிப்படிதான்.

மயிலாப்பூர் குளத்திலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு சந்தில், வேப்பமரத்தடியில் இருபத்தாறு வருஷமாக என் இஸ்திரி வண்டி நிற்கிறது. எதிர்க் கட்டடத்தில் கீழே ஜெராக்ஸ் கடை. மாடியில் மூன்று வருஷமாக ஒரு மனநல டாக்டர். மஹ்விஷ் என்று பெயர். சின்னப் பெண்தான். சாயங்காலம் நாலரைக்குத் திறப்பாள். அவளிடம் வருகிறவன் எவனும் நேராகப் படியேற மாட்டான். சந்தில் தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று நிச்சயமாகும்வரை என் வண்டியோரம் நிற்பான். சும்மா நின்றால் நான் ஏன் என்று கேட்பேன். அதனால் கையில் ஒரு சட்டை.

பத்ரிநாராயணன் சார் அப்படித்தான். அடுத்த தெரு. பேங்கில் பெரிய வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வியாழக்கிழமை தவறாமல் வருவார், ஒரே வெள்ளைச் சட்டையோடு.

"இன்னா சார், இது திங்கக்கெழம நான் போட்டுக் குடுத்தது. மடிப்பு அப்படியே கீது."

"அப்படியா? மடிப்பு சரியில்லேன்னு ஆத்துல சொன்னா, பாய்."

"மேல போறீங்களா?"

"பல் டாக்டரைப் பாத்துட்டு வந்துடறேன்."

அந்தக் கட்டடத்தில் பல் டாக்டர் கிடையாது. அந்தச் சந்திலேயே கிடையாது. படித்த மனுஷன், முகத்தைப் பார்த்துக் கூசாமல் பொய் சொல்கிறார்.

மரத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடை போட்டிருக்கிற கரீமுல்லாவுக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு. ராயப்பேட்டையில் அவனும் நானும் ஒரே தெரு. பையோடு யாராவது வந்து நின்றால், "பாய், மேல்மாடி ரிப்பேரு ஒண்ணு வந்துகீது பாரு" என்பான். நானும் சிரித்திருக்கிறேன். இல்லை என்று சொல்லமாட்டேன். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கும்போது, யார் வந்தான், எந்தச் சட்டையைக் கொண்டுவந்தான், எப்படித் திருடன் மாதிரி படியேறினான் என்று ஒன்றுவிடாமல் என் பெண்சாதி சகினாவிடம் சொல்லுவேன். சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி காஷிஃபும் கேட்டுக்கொண்டிருப்பான்.

காஷிஃப் என் ஒரே பிள்ளை. இருபத்தொன்பது வயசு. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. பெருநாளுக்கு முந்தின வாரம் ஒருநாள் வேலைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்றான். பெருநாள் போய் ஒரு மாசம் ஆயிற்று. அவன் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பாடு இரண்டு வாய், அதற்குமேல் கிடையாது. ராத்திரி கண்ணை மூடுவதில்லை. பேச்சுக் கொடுத்தால் பதில் வருவதற்குள் நாம் கேட்டதை மறந்துவிடுவோம். சகினா தர்காவுக்குக் கூட்டிப்போய்த் தாயத்துக் கட்டினாள். தாயத்தும் அவனோடு சேர்ந்து படுத்துக்கொண்டது.

சோம்பேறித்தனம் என்றேன் நான். "அறுபத்தெட்டு வயசுல நான் இஸ்திரிப் பெட்டிய தூக்கறேன். நீ தலையத் தூக்க மாட்டேன்றியே" என்று கத்தினேன். ஒருநாள் அவன் போர்வையைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். அவன் எழுந்துவந்து சண்டை போடுவான் என்று பார்த்தேன். அவன் போர்வை இல்லாமலே படுத்துக்கிடந்தான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் நான் கரியைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தேன். சகினா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"நேத்து எங்கிட்ட ஒண்ணு சொன்னான். இருக்கறதுக்கே புடிக்கலம்மான்னான்."

நான் கரியை அள்ளிக்கொண்டே இருந்தேன்.

"டாக்டராண்ட இட்டுக்கினு போலாங்க."

"எந்த டாக்டரு?"

"தெனம் சொல்லுவீங்களே, அந்தப் பொண்ணு."

"எம்புள்ள இன்னா பைத்தியமா? கரீமுல்லா பாத்தான்னா பொழுது சாயறதுக்குள்ள தெரு பூரா சொல்லிடுவான். அப்புறம் இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"புள்ள இருந்தாதானங்க பொண்ணு பாக்கறதுக்கு" என்றாள் அவள். எழுந்து உள்ளே போய்விட்டாள். சாக்கைத் தூக்கும்போது வாய் அவிழ்ந்து பாதிக் கரி தரையில் கொட்டிற்று. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். சாக்கின் வாயை நான்தான் சரியாகக் கட்டவில்லை. அன்றைக்கு அதற்கும் அவளைத்தான் திட்டினேன்.

வியாழக்கிழமை வந்தது. பத்ரி சார் வெள்ளைச் சட்டையைக் கொடுத்து, வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்துப் படியேறினார். அடுத்து யாரோ வண்டியோரம் வந்து நின்றார்கள். நான் தலை நிமிரவில்லை. மஞ்சள் பை ஒன்று பலகை மேல் வந்தது. உள்ளே நீலச் சட்டை. எடுத்ததும் தெரிந்துவிட்டது. வலது கையை உள்ளே மடித்து இடது கையை அதன்மேல் போட்டு, காலரைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தியிருந்தது. அது என் மடிப்பு. பெருநாளுக்கு என்று நான் தேய்த்து வைத்தது. ஒருநாள்கூட உடுத்தாதது.

நிமிர்ந்தால் காஷிஃப்.

"இன்னாடா இது?"

"சட்டை... இஸ்திரிக்கு."

"இதுல இன்னா கீது தேய்க்கறதுக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். கண் ஒருதரம் மட்டும் எதிர் மாடிக்குப் போய்த் திரும்பியது.

"எவன்டா உனக்கு இந்த வேலைய சொல்லிக்குடுத்தான்?"

"நீங்கதான் அத்தா. தெனம் சொல்லுவீங்களே, இப்படித்தான் வந்து நிப்பாங்கன்னு. அம்மாதான் எழுப்பி, சட்டைய எடுத்துக் குடுத்து அனுப்பிச்சாங்க."

அதற்குள் கரீமுல்லா, "அட, நம்ம காஷிஃபா! இன்னா நைனா, தாடியெல்லாம் வுட்டுக்கினு? அத்தாவுக்கு ஒத்தாசையா?" என்று கடையிலிருந்தே கேட்டான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டுமோ அதைச் சொல்லவில்லை. "போட்ட சட்டைய மறுக்கா போட மாட்டேன். வீட்டுக்குப் போ" என்றேன்.

அவன் சட்டையைப் பைக்குள் வைத்தான். மெதுவாக, மடிப்புக் கலையாமல் வைத்தான். பிறகு திரும்பி நடந்தான்.

அவன் முதுகைப் பார்த்தேன். போட்டிருந்த பழைய சட்டை தோளிலிருந்து இறங்கி, யாரோ பெரிய ஆளிடம் கடன் வாங்கியது மாதிரித் தொங்கியது. ஆள் இளைத்தால் துணி காட்டிக்கொடுத்துவிடும். ஊரார் துணியில் இதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். என் வீட்டில் பார்க்கவில்லை. சந்து முடிகிற இடத்தில் பெரிய ரோடு. பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போகிற நேரம். அவன் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தான். திங்கட்கிழமை சகினா சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாகக் காதில் விழுந்தது.

"டேய் காஷிஃப்! அந்தாண்ட எங்கடா போற? டாக்டரு மேல கீறாங்க!"

சந்து பூராவும் கேட்டிருக்கும். ஜெராக்ஸ் கடைப் பெண் தலையை வெளியே நீட்டினாள். கரீமுல்லா டீ ஆற்றுகிற கையைத் தூக்கினபடி நின்றான்.

"இன்னா பாய்... மேல்மாடியா?"

"ஆமா. எம்புள்ளைக்கு மனசு செரியில்ல, காட்டப் போறேன். தெருவுல சொல்றதுன்னா செரியா சொல்லு. வியாழக்கெழம, நாலரை மணி. நான் எறங்கி வர்ற வரைக்கும் பெட்டி மேல ஒரு கண்ணு வெச்சுக்க. நெருப்பு கீது."

கரீமுல்லா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் வண்டிப் பக்கம் வந்தான்.

ஓடிப்போய்க் காஷிஃபின் கையைப் பிடித்தேன். அவனைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. படியில் அவனை முன்னால் விட்டு நான் பின்னால் ஏறினேன். ஓடிவிடுவான் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

மேலே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மடியிலும் ஐந்து பை. உள்ளே இருப்பது பூராவும் நான் தேய்த்தது. என்னைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போனில் வேலை வந்துவிட்டது. பத்ரி சார் பேப்பரை மூஞ்சிக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

"பல்லு எப்படி கீது சார்?" என்றேன்.

"ஆடிண்டே இருக்கு, பாய்."

பேப்பர் இறங்கவில்லை. ஆனால் பக்கத்தில் நகர்ந்து காஷிஃபுக்கு இடம் விட்டார்.

டாக்டர் எட்டிப் பார்த்தாள், அவனையே முதலில் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரம் என்ன பேச்சு? எங்களிடம் ஒரு மாசமாக நாலு வார்த்தைகூடப் பேசாதவன். கதவில் காதை வைக்கலாமா என்று எழுந்தேன். பத்ரி சார் பேப்பரை இறக்கி, "உக்காருங்கோ பாய். அங்க சொல்றது வெளில வராது. அதுக்குத்தான் வரோம்" என்றார்.

பிறகு என்னையும் கூப்பிட்டாள். காஷிஃபின் கண் சிவந்திருந்தது.

"ரத்தம் எடுத்தியாம்மா? எக்ஸ்ரே?"

"ரத்தம் எடுக்க எழுதிருக்கேன், வேற ஏதாவது இருக்கான்னு பாக்கணும். எக்ஸ்ரே வேணாம். இது மனச்சோர்வு நோய், பாய். டிப்ரஷன்னு சொல்வாங்க."

"சோர்வா? நான்கூடத்தான் சோர்ந்து போறேன். காலைல நாலு மணிக்கு எழுந்திருக்கறேன்."

"நீங்க படுத்துத் தூங்கினா சோர்வு போயிடும். இவருக்குப் போகாது. எழுந்திருக்கக் கூடாதுன்னு படுத்திருக்கல. முடியல."

"மாத்திர போட்டா முடியுமா?"

"உடனே இல்ல. ரெண்டு மூணு வாரம் ஆகும். மாத்திரையை அம்மா கையில குடுங்க, அவங்க எடுத்துத் தரட்டும். இப்போதைக்குத் தனியா விடாதீங்க. வாராவாரம் வரணும். மனசு ரொம்ப மோசமாச்சுன்னா வியாழக்கிழமைக்குக் காத்திருக்காதீங்க, உடனே கூப்பிடுங்க. அப்புறம், திட்டாதீங்க."

"திட்டாம எப்படிம்மா பேசறது?"

அவள் சிரிக்கவில்லை. "பேச வராட்டி பக்கத்துல உக்காருங்க, போதும்" என்றாள்.

பக்கத்தில் உட்காருவது ஒரு வைத்தியமாம். அதற்கு ஒரு படிப்பு, சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டின சர்டிபிகேட்.

உட்கார்ந்தேன். தினமும் வேலை முடிந்து வந்து அவன் பாயோரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். முதல் வாரம் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திட்டாமல் இருப்பதற்குப் பல்லைக் கடித்ததில் எனக்குத் தாடை வலித்தது. இரண்டாம் வாரம் ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிடலாம் என்றேன். சகினா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டேன். மூன்றாம் வாரம் நடுவில் ஒருநாள், "குழம்புல உப்பு இல்லம்மா" என்றான். சகினா அழுதுவிட்டாள். உப்பு இல்லை என்றதற்கு அழுகிற பொம்பளையை நான் பார்த்ததில்லை.

கரீமுல்லா தெருவில் சொன்னான். சொல்லாமல் இருப்பானா? இரண்டு பேர் வந்து துக்கம் கேட்பது மாதிரிக் கேட்டார்கள். "உயிரோட கீறான், போய் வேலையப் பாரு" என்று அனுப்பினேன். மூன்றாவதாக ஒருத்தன் வந்து, அந்த டாக்டர் எந்தக் கிழமையெல்லாம் இருப்பாள் என்று மெதுவாகக் கேட்டான். "சட்டை எதையும் எடுத்துக்கினு வராதே. சும்மா வா" என்று அவனுக்குச் சொன்னேன்.

ஆறாவது வியாழக்கிழமை காஷிஃப் தனியாக வந்தான். அந்த வாரம்தான் திரும்ப வேலைக்குப் போனான், அரை நாள் மட்டும். பையிலிருந்து சட்டையை எடுத்துப் பலகையில் போட்டான். அதே நீலச் சட்டை. முதுகெல்லாம் சுருக்கம், கையில் பேனா மை. துவைத்துக் காயவைத்திருந்தும் காலரில் அழுக்குக் கோடு தெரிந்தது.

"நாளைக்கு வேணும், அத்தா."

தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். நேரமாயிற்று. உண்மையாகவே கசங்கின சட்டை.

"நல்லாயிடும்னு தோணுதா உங்களுக்கு?" என்று கேட்டான்.

"எனக்கு நம்பிக்க கெடயாது. வாயால பேசி எந்த வியாதிடா போச்சு? மாத்திரை வேல செய்யுதோ, உங்கம்மா சோறு வேல செய்யுதோ, யாருக்குத் தெரியும்? நாலரை ஆச்சு, மேல போ."

அவன் கையை வீசிக்கொண்டு சந்தைக் குறுக்கே கடந்து படியேறினான். வண்டியோரம் வெள்ளைச் சட்டையோடு நின்றிருந்த பத்ரி சார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மடிப்பு அப்படியே கீது சார்" என்றேன்.

"தெரியும், பாய்" என்றார். சட்டையை வாங்கிக்கொண்டு, அன்றைக்கும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

இந்த ஜனங்களைத் திருத்த முடியாது. பொழுது சாய்ந்ததும் பெட்டியிலிருந்த சாம்பலைக் கொட்டினேன், நீலச் சட்டையைத் தனியாக மேலே வைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். முக்கால் மணி நேரம் அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.