பத்தாவது ஆள்

கதவைத் திறந்த மெண்டல் கோரெலிக்குக்கு வாசலில் நின்ற கிழவரை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ரேமண்ட் டூகன். உடம்பு பருத்துத் தலை வழுக்கையாகியிருந்தது. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் உங்க யோம் கிப்பூர் நோன்பு தொடங்குதாமே. ஒருத்தருக்கொருத்தர் மன்னிப்புக் கேட்டுக்குவீங்கன்னு மருமகன் சொன்னான். என் மக உங்க யூத ஆள் ஒருத்தரைத்தான் கட்டியிருக்கா." குனிந்து தொப்பியைப் பார்த்தார். "பேரன் ஸ்கூல்லேருந்து அழுதுகிட்டே வரான் மெண்டல். நாங்க உங்களைக் கூப்பிட்டோமே, அதே பேரைச் சொல்லித்தான் அவனையும் கூப்பிடறாங்களாம்."

மெண்டல் அவரை உள்ளே அழைக்கவில்லை. அவர்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில், உருக்காலைப் புகை படிந்த அந்த ஊரில் ஒவ்வொரு பெரிய வெள்ளியும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் தேவாலயத்திலிருந்து நேராக யூதத் தெருவுக்கு வருவார்கள். "ஏசுவைக் கொன்ன பயலே, நில்லுடா." மெண்டலைத் தரையில் அழுத்தி, யூதர்களுக்கு விலக்கான பன்றிக் கொழுப்பை வாயில் தேய்த்தது ரேமண்ட். தம்பி ஹெர்ஷலைக் கரிக்கிடங்குக்குள் தள்ளிப் பூட்டியதும் அவர்தான். இருட்டும்வரை யாரும் திறக்கவில்லை. வெளியே வந்த ஹெர்ஷலுக்குப் பேச்சு திக்கியது. சாகும்வரை திக்கியது. ஜெப ஆலயத்தில் வேதம் வாசிக்கக் கூப்பிட்டால் தலையை ஆட்டி மறுத்துவிடுவான். எனக்குத் தீங்கு செய்தவர்களை முழுமனதோடு மன்னிக்கிறேன் என்று யோம் கிப்பூர் அன்று சொல்லும் ஜெபம் வரும்போதெல்லாம் மெண்டல் வாயை மூடிக்கொள்வார். கடவுளிடம் பொய் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

"எனக்குச் செஞ்சதை விட்டுட்டேன்னு வெச்சுக்குங்க," என்றார். "தம்பிக்குச் செஞ்சதை மன்னிக்க நான் யாரு?"

"அவனையே பாக்கறேன். எங்க இருக்கான்?"

"மண்ணுக்குள்ள. இந்த வசந்தத்துலதான் புதைச்சோம்."

ரேமண்ட் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை யூத குருவான ராபையிடம் ரேமண்ட் வந்து கேட்டதை மெண்டல் சொன்னார், அவர் மறுப்பார் என்ற நம்பிக்கையில். ராபை மறுக்கவில்லை.

"செத்தவர்கிட்ட கேக்கணும்னா நம்ம ஆண்கள் பத்துப் பேரைக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போய் அவங்க முன்னாடி வாயால சொல்லணும். இது நமக்கு விதிச்சது, அவருக்கில்ல. ஆனா அவரே கேக்க வந்தா, வேணாம்னு நாம எப்படிச் சொல்றது?"

மறுநாள் காலை தூறலில் ரேமண்டோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். ஆலை மூடி ஊர் காலியான பிறகு யூதர்களில் நடமாட முடிந்த ஆண்கள் மொத்தமே பத்துப் பேர்தான். ராபையையும் சேர்த்து ஒன்பது பேர் கார்களை விட்டு இறங்கினார்கள். மெண்டல் காரிலேயே இருந்தார். ராபை கண்ணாடியைத் தட்டினார்.

"நீங்க வரலைன்னா பத்து ஆகாது."

"வந்தா நானும் மன்னிச்சதா ஆயிடுமா?"

"ஆகாது. அவர் கேட்டதா ஆகும்."

மெண்டல் இறங்கினார்.

ரேமண்ட் தன் கிறிஸ்தவ வழக்கப்படி ஈர மண்ணில் மண்டியிட்டார். "இஸ்ரவேலின் கடவுளுக்கும் இந்த ஹெர்ஷலுக்கும் நான் பாவம் செஞ்சேன். கிடங்கைப் பூட்டினது நான். உள்ளேருந்து அவன் கத்தினது கேட்டுது. கேட்டும் சிரிச்சுகிட்டே வீட்டுக்குப் போனேன்."

கத்தியது கேட்டது என்பதை மெண்டல் இன்றுதான் அறிந்தார். நீ கத்தியது யாருக்கும் கேட்கவில்லை, அதனால்தான் திறக்கவில்லை என்று இத்தனை காலமும் தம்பியைத் தேற்றியிருந்தார்.

"மன்னிக்கப்பட்டது," என்று சடங்குப்படி மற்றவர்கள் மும்முறை முணுமுணுத்தார்கள். மெண்டலின் உதடு பிரியவில்லை.

ஒவ்வொருவராகத் திரும்பி நடந்தார்கள். ரேமண்டால் எழ முடியவில்லை. ஹெர்ஷலின் கல்லறைக் கல்லைப் பிடிக்கப் போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு சேறு அப்பிய அந்தக் கையைப் பக்கத்தில் நின்ற மெண்டலை நோக்கி நீட்டினார். மழை அந்தச் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க, மெண்டல் பார்த்துக்கொண்டே நின்றார்.