துரையின் இருபது நிமிடம்

...இன்னும் ஒன்பது நிமிடம், ஒன்பதே நிமிடம், அதற்குள் தலையை வாரி முடித்துவிடலாம், இல்லை வேண்டாம், நேற்று அப்படித்தான் சீப்பை எடுக்கத் திரும்பிய நேரத்தில் சமையல் மேடை மேல் காலைத் தூக்கி வைத்து, பொடி ஊறாத தீனியில் கால்வாசியை முழுங்கிவிட்டு, மூக்கெல்லாம் மாவாக, ஒன்றும் தெரியாத பிள்ளை போல உட்கார்ந்திருந்தான். ஊறாத பொடி பட்டால் வாய் புண்ணாகிவிடும் என்று விலங்கு மருத்துவமனைப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள், அதனால் நிற்க வேண்டியதுதான், ஐம்பதை எட்டப்போகிற ஒருத்தி காலை ஏழே முக்காலுக்கு ஒரு நாய்ச்சட்டிக்குக் காவல் நிற்க வேண்டியதுதான். துரை அவளைப் பார்க்கவில்லை. சட்டியைப் பார்த்தான். வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தரையில் சின்னக் குளம் கட்டியது, அவன் வயிறு பழைய தண்ணீர்க் குழாய் மாதிரி கடகடவென்று உருண்டது. விலாவெலும்பை எண்ணிவிடலாம். எண்ணித்தான் பார்த்தாள், எத்தனை முறை, நேற்றைவிடக் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறதா என்று விரலை வைத்து அழுத்தி... எங்கே பிடிக்கும், உள்ளே போகிறது எல்லாம் வந்த வழியே போய்விட்டால்? இன்று காலையும் நடையில் போட்ட கம்பளத்தின் மேலேயே, மஞ்சளாக, எண்ணெய் மினுக்கோடு. எட்டாவது நாள். ஜன்னல் மூன்றையும் திறந்து வைத்தும் அந்த வாடை போகவில்லை, அல்லது வாடை அவள் மூக்குக்குள்ளேயே குடியேறிவிட்டது.

துரை என்று பெயர் வைத்தது மகள். கொண்டுவந்த அன்றே நேராகப் போய் சோபாவில் ஏறிக் கால் மேல் கால் போட்டுப் படுத்தான், அதனால் துரை. பெயரை வைத்துவிட்டு அவள் படிக்கப் போய்விட்டாள், விடுதியிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள், முதல் கேள்வி துரை சாப்பிட்டானா, இரண்டாவது கேள்வி எப்படிப் போனான், பெற்றவள் சாப்பிட்டாளா என்பதற்கு மூன்றாவது இடம்கூடக் கிடையாது. போகட்டும். ஆறு மாதம், ஆறு மாதமாக இந்த வீட்டில் எதையும் கீழே வைக்க முடியவில்லை, குப்பைத்தொட்டி, சோப்பு, செருப்பின் உள்தோல், சொல்லக் கூசுகிறது, தன் கழிவையே அவன் தின்றான். திருட்டு நாய், பேராசைக்காரன் என்றுதான் நினைத்தாள். வாயால் சொன்னாள், முறத்தால் ஒருமுறை போட்டாள். கொழுப்பு என்று அளவைக்கூடக் குறைத்தாளே, அதை நினைத்தால்... நினைக்க வேண்டாம். முப்பத்தொரு கிலோ இருந்தவன் இருபத்திரண்டுக்கு வந்த பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். கை நிறையப் பூனைப் பிறாண்டல் உள்ள டாக்டர், ரத்த முடிவை இரண்டு தடவை படித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “இவன் வயிறு முட்டத் தின்னுட்டுப் பட்டினி கிடக்கறான் மேடம். கணையத்துல சுரக்க வேண்டியது சுரக்கலை. எவ்வளவு போட்டாலும் செரிக்காம அப்படியே வெளிய வந்துடும்.” குணமாகுமா என்று அவள் கணவர் கேட்டார். குணமாகாது, ஆனால் சமாளிக்கலாம், அந்தச் சுரப்புக்குப் பதிலாக வேளா வேளைக்குத் தீனியில் பொடி, ஆயுசு முழுக்க. ஒரு வாய்கூடப் பொடி கலக்காமல் உள்ளே போகக் கூடாது, ஒரு பிஸ்கட் துண்டுகூட. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்கள். தலையாட்டியது எல்லோரும், செய்வது யார்? கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எந்தக் கட்டடத்தில் எப்போது எவன் மாட்டிக்கொள்வான் என்று தெரியாது, கூப்பிட்டால் ஓட வேண்டும். ஆக அளந்து போடுவது, கரைப்பது, காப்பது, கழுவுவது எல்லாம் இவள்.

முதல் பத்து நாள் நன்றாகத்தான் போயிற்று, அதுதான் வயிற்றெரிச்சல். மருத்துவமனையில் தந்த செய்முறைச் சீட்டைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்து, கரண்டி தலைதட்டி அளந்து, இருபது நிமிடம் கடிகாரம் பார்த்து, எட்டாம் நாள் கெட்டியாகப் போனான், அவள் அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள், இதையெல்லாம் படம் எடுக்கிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று சிரித்துக்கொண்டே. பிறகு திடீரென்று பழைய குருடி கதவைத் திறடி. அப்படியென்றால் யாரோ திருட்டுத்தனமாகக் கொடுக்கிறார்கள், வேறு என்ன? யார் என்று துப்பறியவும் வேண்டியிருக்கவில்லை. பகலெல்லாம் வீட்டில் இருப்பது மாமா ஒருத்தர்தான், கணவரின் அப்பா, எழுபத்தெட்டு வயது, நாற்பது வருடம் அச்சகத்தில் எந்திரம் ஓட்டிக் காது மந்தமானவர், துரைக்கு உயிர். முந்தாநாள் துவைக்கப் போட்ட அவர் சட்டைப்பையில் ரஸ்க் தூள். கையும் களவுமாக. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஒரு கையில் பை, ஒரு கையில் சட்டை, வாசலில் நின்றபடி அவள் பேசியது... என்ன பேசினாள்? நாயைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்றாள். நான் ஒருத்தி பாடுபட்டு ஏற்றுவதை நீங்கள் உட்கார்ந்த இடத்தில் இறக்குகிறீர்கள் என்றாள். காது மந்தம் என்பதால் இரண்டாம் தடவையும் சொன்னாள், கத்தி. அவர் சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், “ஆமாம்மா, நான்தான் குடுத்தேன். இனிமே குடுக்க மாட்டேன்” என்றார். அவ்வளவுதான். ஒத்துக்கொண்டாரே என்று ஒரு திருப்தி, பேருந்தில் போகும்போதுகூட இருந்தது. ஆனால் நேற்றும் அப்படியே, இன்றும் அப்படியே. ஒத்துக்கொண்ட பிறகும் கொடுக்கிற மனிதரை என்ன செய்வது? கதவைப் பூட்டி வைப்பதா? நேற்று மருத்துவமனைக்குச் செய்தி அனுப்பினாள், உங்கள் பொடி வேலை செய்யவில்லை, இல்லையென்றால் வீட்டில் கொடுக்காமல் இருக்க ஒரு வழி சொல்லுங்கள் என்று.

ஏழு நிமிடம். போன் அடித்தது. மருத்துவமனைப் பெண்தான், பின்னால் ஏதோ ஒரு நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள், பரீட்சை மாதிரி. எத்தனை கரண்டி, தலைதட்டியா, குவித்தா. தீனி மாற்றினீர்களா. பொடி டப்பா எங்கே இருக்கிறது, அடுப்புப் பக்கத்திலா. இல்லை, இல்லை, அலமாரியில். இவள் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் சூடாகவே பதில் சொன்னாள், செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் இருபத்தாறு வருடம் ஒரு மயிரிழை பிசகாமல் அளந்து பழகியவளிடம் கரண்டிக் கணக்குக் கேட்கிறாளே சின்னப்பெண்.

“எவ்வளவு நேரம் ஊற வைக்கறீங்க மேடம்?”

“பன்னெண்டு நிமிஷம். வேலைக்குப் போகணும் இல்லையா. அதனாலதான் நல்ல சூடா தண்ணி ஊத்தறேன், சீக்கிரம் ஊறிடும்.”

“நல்ல சூடான்னா?”

“கெட்டில்லேர்ந்து. கொதிச்சதும்.”

“மேடம்...” என்று அந்தப் பெண் இழுத்தாள், திட்டாமல் சொல்ல வார்த்தை தேடுகிற இழுப்பு, அது இவளுக்குத் தெரியும். “அவ்வளவு சூடு பட்டா பொடி செத்துப்போயிடும். வெறும் மாவுதான் மிஞ்சும். வெதுவெதுன்னு, விரல் வெச்சா சுடாத மாதிரி இருக்கணும். சீட்டுல போட்டிருக்கும் பாருங்க. எத்தனை நாளா இப்படி?”

குளிர்பெட்டியில் சீட்டு இருந்தது. வெதுவெதுப்பான என்ற சொல்லும் இருந்தது. தினமும் படித்த சொல். பல் கூடத்தில் அச்சு வார்க்க மாவு கரைக்கும்போது மற்றவர்கள் எல்லாம் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு இறுகக் காத்துக் கிடப்பார்கள், இவள் வெந்நீர் ஊற்றுவாள், பாதி நேரத்தில் இறுகிவிடும், நாலு பேர் வேலையை ஒருத்தி செய்கிறாள் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்வார், அந்தக் கை, அந்தக் கெட்டிக்காரக் கைதான் இங்கேயும் கெட்டிலைத் தூக்கியிருக்கிறது. எத்தனை நாளாக? எண்ண வேண்டிய அவசியமே இல்லை. அந்த நல்ல பத்து நாளில் கடைசி இரண்டு நாள் வேலைக்குத் தாமதமாகப் போய், மறுநாளிலிருந்து வெந்நீர். எட்டு நாள். கம்பளத்துக்கும் எட்டு நாள். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. எட்டு நாளாக இவன் மாவைத் தின்றிருக்கிறான், வாலை ஆட்டி ஆட்டித் தின்றிருக்கிறான், இவள் ஆடிப்போய் நிற்கும் இந்த நிமிடத்திலும் அந்தச் செத்த மாவுக்குத்தான் எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கிறான். அவள் சட்டியை எடுத்துக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்து மூடியைத் தாழிட்டாள். துரை எழுந்து நின்றான். குரைக்கவில்லை. குரைத்திருந்தால் தேவலை. ஒருதரம் தொட்டியைப் பார்த்தான், ஒருதரம் அவளைப் பார்த்தான், இந்த வீட்டில் இது வழக்கம்தான் என்பது போலத் திரும்ப உட்கார்ந்தான்.

புதிதாகத் தீனி அளந்தாள். குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் விளாவி, விரலை விட்டு, எடுத்து, மறுபடி விட்டு, இது வெதுவெதுப்பா, இல்லை இன்னும் சூடா, இருபத்தாறு வருடக் கை இப்போது தன்னையே நம்ப மாட்டேன் என்கிறது. பொடி. கிளறு. இருபது நிமிடம். எட்டேகால் பேருந்து போய்விடும். போகட்டும். கூடத்தில், விழுந்த பல்லின் இடைவெளியை அடைக்கிற பாலப் பல் ஒன்று காத்திருக்கிறது, பதினொரு மணிக்கு ஒருத்தர் வாயைத் திறந்துகொண்டு வந்து உட்காருவார், இருக்கட்டும், அவருக்கும் இருபது நிமிடம்... ஆனால் ரஸ்க்? அது மட்டும் கணக்கில் உதைத்தது. பொடி செத்தது இவளால், சரி, ஆனால் மாமா கொடுத்தார் அல்லவா, அவரே சொன்னாரே, தன் வாயால் சொன்னாரே. அந்த ஒரு நூலையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று மனம் எவ்வளவு அற்பமாக ஓடுகிறது பார்.

வாசல் கதவு சத்தமில்லாமல் திறந்தது. மாமா, மாடிப்படியிலிருந்து. காலையில் படியில் நாலு நடை நடப்பார் என்றுதான் நினைத்திருந்தாள். ஒரு கையில் காலி டம்ளர், இன்னொரு கையால் சட்டையின் முன்பக்கத்தைத் தட்டித் தட்டி, வெளியே நின்றபடியே தூளை உதிர்த்துவிட்டு, பிறகுதான் உள்ளே கால் வைத்தார். அவளைக் கண்டதும் நின்றார். இந்நேரம் அவள் போயிருக்க வேண்டும்.

“வெளியில என்ன மாமா பண்றீங்க?” குரலைத் தணித்துத்தான் கேட்டாள், அது அவருக்குக் கேட்காது, மறுபடி கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது, உயர்த்தியதும் அது பழைய குரலாகவே ஒலித்தது.

“ஒண்ணுமில்லம்மா. ரஸ்க் சாப்பிட்டேன். இவன் முன்னால வெச்சுச் சாப்பிட்டா ஏங்கிப் போயிடறான். அதான் படியில உக்காந்து.”

“எத்தனை நாளா?”

“அவனுக்கு உடம்பு சரியில்லைன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து.”

பதினெட்டு நாள். பதினெட்டு நாளாக அந்தச் சிமெண்டுப் படியில், போகிறவர் வருகிறவருக்குக் காலை ஒதுக்கிக்கொண்டு, தனியாக. “நீங்க துரைக்கு எதுவும் குடுக்கலையா?” என்றாள். அவர் இல்லை என்று தலையாட்டினார், அதையும் ஏதோ தப்புச் செய்தவர் போல. “அப்ப ஏன் மாமா, அன்னைக்கு நான்தான்னு ஒத்துக்கிட்டீங்க?”

அவர் டம்ளரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்தார். குழாயைத் திறந்து கழுவவும் செய்தார். “உனக்கு நேரமாயிட்டிருந்துச்சேம்மா,” என்றார்.

கோபமில்லை, குத்தலில்லை, மழை வந்தது அதனால் நனைந்தேன் என்பது போலத்தான் சொன்னார். பொடி டப்பாவைக் காட்டி, “தண்ணில தப்பு பண்ணினது நான்தான் மாமா” என்றாள், சரியாகக் கேட்டதா தெரியவில்லை, “பரவால்லம்மா” என்றார், எதற்கும் சொல்கிற பரவாயில்லை, போய்த் துரையின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெறும் கையை அவன் முதுகெலும்பின் மேல் வைத்துக்கொண்டார். பதினாலு நிமிடம் இருந்தது. போன மாதம் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் விட்டது தான்தான் என்று கணவர் ஒத்துக்கொண்டாரே, அன்று அவர் வீட்டில் இருந்தாரா? மூக்குத்தி தொலைந்தது தன்னால்தான் என்று மகள் அழுதாளே, பன்னிரண்டு வயதில், இவள் அலுவல் பையைத் தோளில் மாட்டியபடி நிற்க... அன்றும் பேருந்துக்கு நேரமாகியிருந்ததா? நினைவில் வாசல்தான் வருகிறது, எல்லாவற்றிலும் அந்த வாசல், அவள் கிளம்பிக்கொண்டே இருக்கிறாள், யாரோ ஒருவர் ஆமாம், நான்தான் என்கிறார். மகளைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வாள், இல்லைம்மா, நிஜமாவே நான்தான் என்பாள், அதை எப்படி நம்புவது, இனி யார் சொல்வதை வைத்து...