மாளிகை நோக்கி உடைத்த தேங்காய்

ஆடித் திங்கள் முடிகின்ற அந்நாளின் காலையில், குற்றால மலைமுகட்டில் முகிலின்றி, அருவிகள் நூலாய் மெலிந்து, சாரல் முற்றும் பொய்த்திருக்க, தென்காசிக் கோபுரத்தின்மேல் விழுந்த வெயில் மேலகரத்துத் தெருக்களைக் கடந்து, காரிக்குளத்துக் கரையேறி, வெடித்துக் கிடந்த கடைமடை வயல்களில் வந்து நின்றது. கதிர் வாங்கும் பருவத்து நெற்பயிர் நுனி கருகி நிற்பதையும் அவ்வெயில் கண்டது. மேட்டின்மேல் வெள்ளை மாளிகையின் பூங்கா பச்சைப்பசேலென்று செழித்திருப்பதையும் அதுவே கண்டது. இரண்டுக்கும் ஒரே குளத்து நீர்தான். வயிறு எரிகிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்!

வெள்ளையர் ஆண்ட நாளில், இந்நிலத்தை மேல்சாரல் மாவட்டம் என்று வகுத்து, அதற்கொரு துரையை அமர்த்தி, அவன் குடியிருக்க இம்மாளிகையைக் கட்டி, அவன் தோட்டத்துச் சாதிக்காய்க்கும் கிராம்புக்குமென்று குளத்து நீரைத் திருப்பிக்கொண்டனர். நாடு விடுதலை பெற்றது, மாவட்டமும் பெற்றது, கொடி மாறிற்று, பின்னர் அம்மாவட்டத்தின் பெயரும் மறைந்தது. துரை கப்பலேறிப் போய்த் தொலைந்தான். மாளிகையை விலைக்கு வாங்கிய குடும்பத்தின் பேரன் விஜயசங்கர், அதனைக் குற்றாலம் காண வருவோர் தங்கும் விடுதியாக்கி, நடுவே ஒரு நீச்சல் குளமும் வெட்டியிருந்தார். ஆயினும், மடை திறக்கும் ஒவ்வொரு முறையும் முதல் மூன்று நாள் நீர் மாளிகைக்கே போயிற்று. ஊரார் அதனைப் 'பங்களா முறை' என்று வாய்கூசாமல் சொல்லிவந்தனர்.

மடையின் திறவுகோல் சொக்கம்மாள் இடுப்பில் இருந்தது. கணவன் இறந்தபின் மடைக்காவல் அவளிடம் வந்து இருபத்திரண்டு ஆண்டு ஆயிற்று. கடைமடையில் அவளுக்கும் ஒரு வயல் உண்டு. இன்னும் மூன்று நாள் நீரில்லையேல் அது வைக்கோலாகிவிடும். மடை திறக்குமுன் மேட்டை நோக்கித் தேங்காய் உடைத்துக் கும்பிடுவது வழக்கம். குளங்காக்கும் தெய்வம் அங்கே உறைகின்றதென்று மாமியார் சொல்ல, அவளும் மறுபேச்சின்றி நம்பி, 'தாயே, என் வயலுக்கும் கொஞ்சம் மிச்சம் வையி' என்று ஒவ்வொரு முறையும் கண்ணீர் மல்க வேண்டிவந்தாள்.

அன்று விடுதலைத் திருநாள். 'மேல்சாரல் விடுதலை வரலாறு' என்னும் நூல் மேலகரத்தில் வெளியிடப்பெற்றது. நண்பகலில் நடக்கவிருந்த மடைத் திறப்பை முன்னிட்டு, சொக்கம்மாளையும் அழைத்துப் பொன்னாடை போர்த்தினர். நூலாசிரியர் ஆறுமுகநயினார், பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவர், துரையின் ஆணையொன்றைப் படித்தார்: "மடை திறப்போன் எம் மாளிகையை நோக்கித் தலைவணங்கி, எம் இசைவு பெற்ற அடையாளமாகத் தேங்காய் உடைத்த பின்னரே மடைப்பலகை தூக்கக் கடவன், முதல் மூன்று நாள் நீர் எம் தோட்டத்திற்கே."

அவையோர் பழங்கதை கேட்பாரைப் போலக் கைதட்டினர். தட்டினார்களே, பாவிகள்! கூட்டம் கலைந்ததும் சொக்கம்மாள் ஆறுமுகநயினாரை மறித்தாள்.

"அண்ணாச்சி, அப்பம் மேட்டுல சாமியே கெடையாதா?"

"கிடையாதும்மா. அது தொரைக்குப் போட்ட கும்பிடு."

"அதுக்கு முந்தி மொதத் தண்ணி யாருக்குப் போச்சு?"

"கடைமடைக்கு. அதுவும் அந்த ஆணையிலயே இருக்கு. அந்த வழக்கத்த மாத்தணும்னு எழுதிருக்கான்."

"இதத் தெரிஞ்சி வச்சிக்கிட்டு, என் தோள்ல துணியப் போத்தி அனுப்புதியளே, வெக்கமா இல்லையா ஒங்களுக்கு?" என்றாள். அவர் நூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பின்னே நடந்தார்.

நண்பகலில் விஜயசங்கர் மடையருகே காத்திருந்தார். தட்டில் தேங்காய் இருந்தது.

"ஏ சொக்கம்மா, நேரமாவுது. ஒடச்சிட்டுப் பலகையத் தூக்கு. விடுதி நெறைய ஆளு வந்து கெடக்கு."

சொக்கம்மாள் தேங்காயைத் தொடவில்லை. பொன்னாடையை உருவிச் சும்மாடாய்ச் சுருட்டித் தலையில் வைத்து, கரையில் கிடந்த மண்வெட்டியால் மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பிச் சுமந்து, மாளிகை வாய்க்காலின் தலைப்பில் கொட்டினாள். இரண்டாம் கூடையும் கொட்டினாள். இருபத்திரண்டு ஆண்டுக் கும்பிட்டையும் சேர்த்துப் புதைப்பவள்போலக் காலால் மிதித்து இறுக்கினாள்.

"என்ன செய்யுத நீ? எங்க தாத்தா காலத்துல இருந்து உள்ள முறை இது!"

"ஒங்க தாத்தா வாங்குனது பங்களாவத்தான் மொதலாளி. என் கும்பிட்டயும் அவருக்கு வித்தது யாரு?"

"தெறவுகோலப் பிடுங்கிருவேன், தெரியுமா?"

"பிடுங்குங்க. வாங்க, வந்து தொட்டுப் பாருங்க!" என்று மண்வெட்டியை ஊன்றி நின்றவள், கரையில் திகைத்து நின்ற கடைமடை உழவன் இசக்கிமணியை நோக்கிச் சீறினாள்: "ஏலே, பயிரு அங்கன சாவுது, இங்கன நின்னு வேடிக்கையா பாக்குத? மண்ண அள்ளுலே!"

பல்லாண்டு படையில் நின்று நாட்டின் எல்லையைக் காத்து, ஊர் திரும்பித் தன் வரப்பைக் காக்க நாவெழாதிருந்த அவ்விசக்கிமணி, வெட்கித் தலைகுனிந்து இறங்கி மண் அள்ளினான். அவனைக் கண்டு மற்ற உழவரும் இறங்கினர். விஜயசங்கர் அத்தனை பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கைப்பேசியை எடுத்து, காவலரை அழைப்பதாகச் சொல்லிக்கொண்டே மேடேறிப் போனார்.

சொக்கம்மாள் மாளிகைக்கு முதுகு காட்டி நின்று பலகையைத் தூக்கினாள். நீர் நுரைத்துப் புரண்டு, சருகுகளை உருட்டிக்கொண்டு, கீழ்நோக்கி ஓடிற்று. தேங்காயை உடைத்து, மண் சுமந்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாள். ஒரு சில்லை ஆறுமுகநயினார் கையிலும் வைத்தாள்.

"நீ செஞ்சதையும் அடுத்த பதிப்புல எழுதிருதேம்மா. விடுதலை கிடைச்ச நாளுக்குக் கீழயே சேத்திருதேன்" என்றார் அவர்.

"மொதல்ல அந்த நாளக் கோடு போட்டு அடிங்க அண்ணாச்சி. தண்ணி கடைசி வயலுக்குப் போய்ச் சேரட்டும். பெறவு எழுதுவோம்."

கொடிகள் ஏற்றப்பெற்றன, நூல்கள் எழுதப்பெற்றன, கைகளும் தட்டப்பெற்றன. அவற்றுள் ஒன்றேனும் ஒரு பயிரை நனைத்ததில்லை என்பதை, நூல்பல கற்ற நாம் அல்லவோ முதலில் உணர்ந்திருக்க வேண்டும்? நீர் கடைமடையை அடைய இன்னும் இரண்டு கல் தொலைவு இருந்தது. மேட்டிலிருந்து யாரோ இறங்கிவரும் ஓசை கேட்டது. சொக்கம்மாள் தான் எழுப்பிய மண்ணணையின்மேல் ஏறி, மண்வெட்டியை மடிமீது கிடத்தி, அசையாது அமர்ந்தாள்.