பெட்டி சொன்ன மழை

ஜூன் மாதத்துப் பாலைவன ஊரான அல்புகர்க்கியில் மழை வரும் என்று ஒருவன் சொன்னால், ஒன்று வெயில் தலைக்கேறியிருக்க வேண்டும், இல்லை ஓட்டுக் கேட்க வந்திருக்க வேண்டும்.

எலோய்சாவுக்கு அன்று மழையை நினைக்க நேரமில்லை. அக்கா புருஷன் ரமோனின் தோட்டக் குழாய்க் கம்பெனியில் வருஷக்கணக்காக மண் தோண்டிவிட்டு, மார்ச்சில்தான் ஒரு பெரிய கும்பிடாகப் போட்டு வெளியே வந்திருந்தாள். தனியாகச் செய்த முதல் வேலை செனாய்டா அத்தையின் தோட்டம். இன்று நீர்த்துறை அதிகாரி பார்த்துச் சரி என்று சொன்னால் தனித் தொழிலுக்கு உரிமம். சொல்லாவிட்டால் ரமோனிடமே திரும்பிப் போய் நிற்க வேண்டும். அவனோ காலையிலேயே போன் போட்டு, "உன் கம்பெனிச் சட்டை அதே ஆணியிலதான் தொங்குது மச்சினி. தொவச்சே வச்சிருக்கேன்" என்று வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருந்தான்.

அதிகாரி பெனவீதெஸ் லேசில் வாய் திறக்கிற ஆள் இல்லை. அழுத்தம் குறைக்கும் கருவியைப் பார்த்தார், "ம்" என்றார். சொட்டுநீர் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார், "ம்". புல்லுக்கு ஒரு வால்வு, மரத்துக்குத் தனி வால்வு. அதற்கும் ஒரு "ம்". மழை பெய்தால் தண்ணீரைத் தானாக நிறுத்துகிற மழை உணரி கூரைமேல் இருக்கிறதா என்று கீழிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கு. தண்ணியத் திறம்மா, பாப்போம்."

எலோய்சா சுவரிலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். ஒரு சொட்டு வரவில்லை. மறுபடி அழுத்தினாள். பெட்டியின் சின்னத் திரை, 'மழை. நீர் நிறுத்தம்' என்றது.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

"மழையாம்ல?" என்றார் பெனவீதெஸ். எலோய்சா வானத்திலிருந்து கண்ணை இறக்கினாள். அப்போதுதான் புல்லைச் சரியாகப் பார்த்தாள். பாதிக்கு மேல் பழுத்துக் கிடந்தது.

காபியோடு வந்த செனாய்டா அத்தை எட்டிப் பார்த்தாள். "அதுவா! போன மாசம் சான் இசித்ரோ திருநாள்லேருந்து அப்படித்தான் சொல்லுது. அது வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!"

"என்ன அத்தை சொல்றீங்க?"

"வெள்ளாமைக்காரங்க சாமியாச்சே, சிலையத் தோட்டத்தச் சுத்தித் தூக்கிட்டு வந்து மழை கேட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே பெட்டியில மழைன்னு வருது! தெரு பூராச் சொல்லிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி ஓட்டை வாளியெல்லாம் அடைச்சு வச்சிருக்கா."

"புல்லு காயுதே, எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

"நல்ல சேதி வந்ததுக்கு மெக்கானிக்க யாருடி கூப்பிடுவா?"

எலோய்சா ஏணியை வைத்துத் தட்டைக் கூரைமேல் ஏறினாள். அங்கே அத்தையின் ஏர்கூலர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடித்தட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் நேராக உணரியின் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது.

"அத்தை! கூலர என்னிக்குப் போட்டீங்க?"

"திருநாளன்னிக்குத்தான். சாமியத் தூக்கிட்டு வந்ததுல வேத்துக் கொட்டிருச்சு."

ஐயோ, என் புத்தியைச் செருப்பால் அடிக்க, என்று எலோய்சா நெற்றியில் அறைந்துகொண்டாள். மார்ச்சில் கூலர் தார்ப்பாய் போர்த்திக் குளிருக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. வயர் இழுக்கச் சுலபம் என்று அதன் காலடியிலேயே உணரியை மாட்டியது அவள்தான். கூலர் ஒழுகினால் நான் என்ன செய்வேன் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. பாவம், சாமிமேல் நம்பிக்கை வைத்த மனுஷியை மாட்டிவிட மனசு வரவில்லை.

"தப்பு என்னோடது சார். மாட்டக் கூடாத இடத்துல மாட்டிட்டேன். மாத்திர்றேன்."

"மாத்து. ஆனா காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும்தான் நான் இருப்பேன். தண்ணி அதுவா ஓடணும். உணரிய ஒதுக்கிட்டு ஓட்டுற வேலை எங்கிட்ட வேணாம்."

உணரியைக் கூரையின் மறுகோடியில், திறந்த வானத்தின்கீழ் மாட்டினாள். ஆனால் உள்ளிருந்த சின்னத் தக்கைகள் ஊறி உப்பிக் கிடந்தன. அவை காய்ந்தால்தான் தண்ணீர் வரும். வெயிலை நம்பினால் பொழுது சாய்ந்துவிடும்.

"அத்தை, தலைமுடி காய வைக்கிற மெஷின் இருக்கா?"

இருந்தது. ரோஜா நிறம். நீள வயரை ஜன்னல் வழியாக விட்டார்கள். எலோய்சா கூரைமேல் குந்தி, கைக்குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி உணரிக்குச் சூடுகாட்டினாள்.

"என் முடிக்கே நான் இவ்வளவு பாத்ததில்லடி!" என்று அத்தை கீழிருந்து கத்தினாள். பெனவீதெஸ் காபியை உறிஞ்சிக் குடிப்பதை விட்டுவிட்டு, சீக்கிரம் தீர்ந்துவிடாதபடி சொட்டுச் சொட்டாக நக்கிக் குடிக்க ஆரம்பித்திருந்தார். எலோய்சா அதைப் பார்த்தாள். மனுஷனுக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறது.

'டிக்' என்றது உணரி. உஸ்ஸென்று மண்ணுக்குள்ளிருந்து தெளிப்பான்கள் எழுந்து, நடுப்புல்லில் நின்ற அதிகாரியின் கால்சட்டையை முழங்கால்வரை நனைத்தன.

"சரி, இப்ப நெஜ மழை வந்தா நிக்குமா?" என்றார் அவர், அசையாமல்.

எலோய்சா ஒரு செம்புத் தண்ணீரை உணரிமேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மூவரும் தெளிப்பான்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தக்கை மெல்ல ஊறியது. தெளிப்பான்கள் ஒவ்வொன்றாகத் தலையை இழுத்துக்கொண்டன.

"ம்" என்று பெனவீதெஸ் உரிமத்தாளில் கையெழுத்துப் போட்டார். எலோய்சாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"தெரு பூராச் சொல்லிட்டேனேடி, இப்ப நான் என்னத்தச் சொல்ல?"

"பெஞ்சதுன்னே சொல்லுங்க அத்தை. ஒரு சாண் இடத்துல மட்டும்."

பையில் போன் அடித்தது. ரமோன்தான். "என்ன மச்சினி, சட்டையக் கொண்டாந்து தரவா?"

"தொவச்சது வீண், மச்சான்" என்றாள் எலோய்சா. "கரித்துணியா வச்சுக்குங்க."