ஒரு ஸ்பூன் கரிக்குள் ஒரு தையல் அறை

பேராசிரியரின் மனைவி தையல் மெஷினோடு ஒரு ஸ்பூன் கரிக்குள் இடம் மாறியது ஒரு வியாழக்கிழமை. அன்று தண்ணீர் லாரியும் வரவில்லை என்பதால் தெருவில் பலருக்கு லாரி வராததுதான் ஞாபகம் இருக்கிறது.

கரியைச் செய்தவர் பேராசிரியர். ஜூஸ் கடைகளின் பின்வாசலில் ஈ மொய்த்துக் கிடக்கும் ஆரஞ்சுத் தோலையும் மாதுளை ஓட்டையும் மாங்கொட்டையையும் மூட்டை கட்டிக் கொண்டுவருவார். மொட்டைமாடியில் காயவைத்து, அமிலத்தில் ஊறப்போட்டு, காற்றுப் புகாத உலையில் சுட்டு, கழுவி எடுத்தால் அது புகையிலிருக்கும் நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கரியாகிவிடும். அதைக் கிளர்வூட்டிய கரி என்றுதான் சொல்ல வேண்டும் என்பார். ஊர் பழக்கரி என்றது. தன்னை டாக்டர் என்று அழைக்க வேண்டும் என்பார். ஊர் தோல் டாக்டர் என்றது. சொறி சிரங்கோடு இரண்டு பேர் வந்து காட்டிவிட்டும் போனார்கள்.

வீட்டில் அறைகள் இரண்டு. ஒன்றில் அவருடைய சான்றிதழ்கள் காற்றோட்டமாக வசித்தன. மற்றதில் அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தோல் மூட்டைகளும். மனைவி தையல்காரி. மெஷினைக் குளியலறை வாசலில் போட்டுக்கொண்டு, யார் குளிக்கப் போனாலும் எழுந்து நகர்த்தி, வந்த பிறகு மறுபடி இழுத்துப் போட்டுத் தைத்துவந்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் கேட்டது ஒன்றுதான்: கதவைச் சாத்திக்கொண்டு தைக்க ஓர் அறை. பேராசிரியர் ஒவ்வொரு முறையும் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, இடமில்லை என்பதை ஒரு கண்டுபிடிப்பைப் போல அறிவிப்பார்.

அந்தப் புதன்கிழமை நகரமன்றத்தில் அவர் பேச்சு. தலைவர் கொட்டாவி விடுவதைப் பார்த்து, ஆளை எழுப்புவதற்காக, உண்மையான ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார். கரித் துகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் எண்ணி மாளாது. அவற்றின் சுவர்களைப் பிரித்து விரித்தால் ஒரு ஸ்பூன் கரிக்குள் ஒரு விளையாட்டு மைதானமே இருக்கிறது என்றார். தலைவர் கைதட்டினார். கடைசி வரிசையில் யாருடைய சட்டைக்கோ பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி கைதட்டவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் குளியலறை வாசல் காலியாக இருந்தது. கரி வைத்திருந்த காப்பித்தூள் பாட்டிலுக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துளையின் வாசல் சின்னதுதான். மெஷினை ஒருக்களித்துப் பிடித்து, தலையைக் குனிந்துகொண்டு போனதாக அவளே பிறகு சொன்னாள். வாடகை வீடு மாறி மாறிப் பழகியவர்களுக்கு அது பெரிய காரியமில்லை. சாயங்காலம் வெளியே வந்து சமைத்தாள், காலையில் மறுபடி உள்ளே போனாள்.

பேராசிரியருக்கு இதில் ஒரே ஒரு சங்கடம். சுட்டதிலேயே தேறியது அந்த பாட்டிலில் இருந்த ஒரு ஸ்பூன் கரி மட்டும்தான், மற்றதெல்லாம் சாம்பல். அதைத்தான் பெயின்ட் ஆலையின் புகைபோக்கியில் வைத்து, தலைவர் முன்னிலையில் திங்கட்கிழமை நிரூபிக்க வேண்டும். அவர் பாட்டிலில் வாயை வைத்துப் பேசினார்.

"ஏய், வெளிய வா. திங்கக்கிழமை இதுக்குள்ள புகை விடணும்."

"விடுங்க. யாரு வேணாம்னா?"

"அது உன் ரூம் இல்லடி, என் ஆராய்ச்சி!"

"ஆராய்ச்சிய வெளிய நின்னுதானே பண்றீங்க. ஒரு நாளாவது உள்ள வந்து பாத்திருக்கீங்களா? நல்லா விசாலமா இருக்குங்க. சுவருதான் கறுப்பு."

அவரும் நுழைந்து பார்த்தார். முதுகலைப் பட்டம் வரைக்கும் உள்ளே போனது. முனைவர் பட்டம் வாசலில் மாட்டிக்கொண்டது. அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரும்படி மனைவி சொன்னாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் பின்னாலேயே இறங்கிவிட்டார்.

திங்கட்கிழமை கரியை ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பிப் புகைபோக்கியோடு இணைத்தார்கள். மறுமுனையில் தலைவரின் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டினார்கள். புகை கறுகறுவென்று உள்ளே போனது. கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. ஆனால் குழாய்க்குள் மெஷின் கடகடவென்று ஓடியது, நடுவில், "காலைத் துடைச்சிட்டு வா. வழியில நிக்காதே, பின்னாடி ரூம்ல போய் உக்காரு" என்று புகையை யாரோ அதட்டுவதும் கேட்டது. தலைவர் திரும்பிப் பார்த்தார். பேராசிரியர் முந்திக்கொண்டார்.

"அது... கரி கிளர்வடையற ஓசைங்க ஐயா."

தலைவர் தனக்கு முன்பே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். ஓசையெழுப்பாத கரியை எந்த ஆலையும் வாங்கக் கூடாது என்று அடுத்த வாரமே உத்தரவு வந்தது. வெளியூர் வியாபாரிகள் கொண்டுவந்த முதல்தரமான தேங்காய் ஓட்டுக் கரி, ஊமைக் கரி என்று திருப்பி அனுப்பப்பட்டது. ஒருவர் கரிக்குள் அலாரக் கடிகாரத்தைப் புதைத்து வைத்து, அது மணியடித்ததில் மாட்டிக்கொண்டார்.

ஊரில் காற்று தெளிந்தது. கொடியில் காயும் துணி வெள்ளையாகவே வீட்டுக்குத் திரும்பியது. பேராசிரியருக்கு மேலும் நாலு சான்றிதழ்கள் வந்தன. ஆலைத் தொழிலாளிகள் சாப்பாட்டு வேளையில் கண்ணாடிக் குழாயருகே நின்று தோள் அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

ஆனால் எந்தக் கரியும் ஒருநாள் நிரம்பும். நிரம்பினால் உலையில் போட்டுச் சுட்டுப் புகையை விரட்ட வேண்டும். சுட்டால் துளைக்குள் இருக்கும் அறை, அலமாரி, மெஷின் எதுவும் மிஞ்சாது. புதிய உலையின் திறப்பு விழாவுக்குத் தலைவர் நாளும் குறித்துவிட்டார். பேராசிரியர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"காலி பண்ணிடும்மா."

"நிரம்பினாத்தானே சுடணும்? நிரம்பலைங்க."

"கணக்குப்படி போன மாசமே நிரம்பியாச்சு."

"அப்படின்னா அந்தக் கணக்கையே வந்து தைக்கச் சொல்லுங்க. நான் காலி பண்ண மாட்டேன்."

விழா நாளன்றும் அவள் குழாய்க்குள்தான் இருந்தாள். உலை சிவந்து காத்திருந்தது. தலைவர் புதுக் கோட்டில் வந்திருந்தார். ஆலை மேலாளர் அன்பளிப்பாகக் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டு. கசங்குவதில்லை, போட்டிருப்பதே தெரிவதில்லை. வெளிநாட்டுத் துணி என்றும், இந்த நெசவெல்லாம் நம் ஆட்களுக்கு வராது என்றும் மைக்கில் பாதிப் பேச்சு அதைப் பற்றியே போனது. பேராசிரியர் குழாயைத் தராசில் வைத்தார். எடை கூடவே இல்லை. மறுபடி வைத்தார். பிறகு குழாயின் வாயருகே குனிந்து, மைக் பக்கத்தில் இருப்பதை மறந்து, கேட்டார்.

"இவ்வளவு நாள் வந்த புகையெல்லாம் எங்கடி?"

"தலைவர் மேல இருக்கு."

கூட்டம் முழுவதும் தலைவரைப் பார்த்தது. மேலாளர் தரையைப் பார்த்தார். உள்ளேயிருந்து அவள் விளக்கினாள்: பின்னறையில் போட்டுவைத்தால் புகை தானாகவே படிந்து மடிந்துவிடுகிறது, மூன்றாம் நாள் கத்தரிக்கோலுக்கு நன்றாகவே பிடிக்கிறது, ஓரம் மட்டும் கொஞ்சம் பிரியும், இரட்டைத் தையல் போட்டால் நிற்கும். தலைவர் கோட்டுக் கையை முகர்ந்து பார்த்தார். லேசாக பெயின்ட் வாசம் அடித்தது.

இதே துணியில் பேன்ட்டும் வருமா என்று கேட்டார் தலைவர்.

வீணாக எரிபொருள் போவானேன் என்று உலையை அணைத்தார்கள். குழாயிலிருந்து அளவு நாடாவோடு ஒரு கை நீண்டு தலைவரின் இடுப்பைச் சுற்றியது.

"மூச்சை விடுங்க ஐயா. இப்ப இழுத்துப் பிடிச்சா அப்புறம் பட்டன் நிக்காது."

தலைவர் மூச்சை விட்டார். அவள் அளவைச் சத்தமாகச் சொன்னாள். மைக் அதைக் கடைசி வரிசைக்கும் கொண்டுசேர்த்தது. பக்கத்தில் பேனாவோடு நின்றவர் பேராசிரியர் ஒருவர்தான் என்பதால் அவர் எழுதிக்கொண்டார்.