உப்புப் பூத்த சுவர்

கருத்தப்பாண்டி என்ற பெயரை என் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். என் மனைவி சவுந்தரத்துக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் வாரத்துக்கு ஒருமுறையாவது எடுப்பாள்.

தொண்ணூற்றிரண்டில் நடந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் எங்கள் ஊர். ரோட்டைப் பார்த்த என் வீட்டு முன்சுவரில், தட்டினால் டொப்பு டொப்பென்று சத்தம் வந்தது. பழைய பூச்சு சுவரை விட்டுக் கிளம்பியிருந்தது. பஸ்ஸில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கிற சுவர். பலசரக்குக் கடை சவரியப்பன் வீடு இந்த லட்சணத்திலா இருக்கிறது என்று நாலு பேர் பேச விடலாமா? கொத்தனார் வேண்டுமென்று பாளையம்பட்டிக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து சேர்ந்தான் கருத்தப்பாண்டி.

கூலிக்குக் கொத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், அப்போதுதான் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்திருந்தான். வந்ததும் எனக்கு ஒரு வணக்கம் கிடையாது. நேரே சுவரிடம் போய்ச் சுரண்டிப் பார்த்தான்.

“பழசு பூராத்தையும் கொத்தி எடுக்கணும் அண்ணாச்சி. ஒட்டுப் போட்டா நிக்காது.”

“ஒட்டுப் போடத்தானப்பா ஒன்னயக் கூப்பிட்டேன்?”

“அப்ப வேற ஆளப் பாத்துக்கோங்க.”

என் வாசலில் நின்றுகொண்டு என்னிடமே! அப்போதே விரட்டியிருக்க வேண்டும். சவுந்தரம்தான் குறுக்கே வந்து, “அவரு சொல்றபடியே செய்யட்டும்ங்க,” என்றாள். ‘அவரு’ என்று மரியாதை வேறு.

ஐந்து நாள் வேலை. கடையைப் பூட்டிவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மணலைச் சலித்தாயா, சிமெண்ட் மூட்டை எங்கே போகிறது, மட்டக்கோல் வைத்துப் பார்த்தாயா என்று விடாமல் கேட்டேன். அவன் பாட்டுக்குப் பூசிக்கொண்டிருந்தான். கலவைக்கு நல்ல தண்ணீரை மாட்டுவண்டியில் டிரம் வைத்து அவனே கொண்டுவந்தான். கடைசி நாள் கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

“ஏழு நாளைக்குக் காலையும் சாயங்காலமும் சுவத்த நனைக்கணும். அது வீட்டுக்காரக பொறுப்பு. வண்டித் தண்ணிய மட்டும் ஊத்துங்க. ஒங்க கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு படக் கூடாது. உப்புப் பூத்துரும்.”

“எனக்குப் பாடம் நடத்தாத. கிளம்பு.”

அந்த வருடம் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஊரே நாய்படாத பாடு பட்டது. அதைக் கொண்டுபோய்ச் சுவரில் ஊற்ற வேண்டுமாம்! “நம்ம கிணத்துலயே இறைச்சு ஊத்து. சுவரு என்ன குடிக்கவா போகுது?” என்றேன் சவுந்தரத்திடம். “அவரு அவ்வளவு சொல்லிட்டுப் போயிருக்காரு...” என்று இழுத்தாள். ஒரு முறை முறைத்தேன். ஏழு நாளும் இறைத்து ஊற்றினாள்.

மூன்றாம் மாதம் சுவர் பொரிந்தது. வெள்ளை வெள்ளையாகப் பூத்து, கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. அவனுக்கு ஆள் அனுப்பினேன். “எந்தத் தண்ணிய ஊத்துனாகன்னு அவுகளையே கேளு,” என்று சொல்லிவிட்டானாம்.

சரியாக அதே சமயத்தில், எங்கள் மாதா கோயிலின் வெளிப்பூச்சு வேலை முழுவதையும் அவனுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வேலை கிடைத்தால்தான் அவன் காண்ட்ராக்டர். கிடைக்காவிட்டால் மறுபடியும் இன்னொருத்தனுக்குக் கீழே கூலிக்குக் கரண்டி பிடிக்க வேண்டியதுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பங்குச் சாமியாரிடம் போனேன்.

“கோயிலயும் இப்பிடித்தான் பாழாக்குவான் சாமி. வீட்டுக்கு வந்து ஒங்க கண்ணால பாருங்க.”

மறுநாள் காலையில் சாமியார் வந்தார். அவனையும் வரச் சொல்லியிருந்தார். சுவரைத் தொட்டதும் அவர் விரலெல்லாம் பொடி.

“என்னப்பா இது?”

“என் கலவையில குத்தமில்ல சாமி. உப்புத் தண்ணி ஊத்தியிருக்காக.”

“நீ பாத்தியால? களவாணிப்பய! சிமெண்ட்டத் தின்னுபுட்டு என் மேலயா பழி போடுற?” என்று அவன் மேல் பாய்ந்தேன்.

அவன் பின்வாங்கவில்லை. சுவரிலிருந்து ஒரு பொருக்கைப் பெயர்த்து என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“நாக்குல வச்சுப் பாருங்க அண்ணாச்சி. கரிச்சா ஒங்க கிணறு. கரிக்கலைன்னா என் குத்தம். கோயில் வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“சரி, அப்படியே ஆகட்டும்,” என்றார் சாமியார். “சவரியப்பன் நம்ம கோயில்ல வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் மகன். அவரு வாயில பொய் வராது. பாத்துச் சொல்லுங்க.”

வாங்கி வாயில் போட்டேன். அப்பா! நாக்கே சுருண்டுவிட்டது. எங்கள் கிணற்று உப்பு எனக்குத் தெரியாதா? நிமிர்ந்தால் கருத்தப்பாண்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் கண்ணில் அன்றைக்குத்தான் பயத்தைப் பார்த்தேன். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

எச்சிலைக் கூட்டி விழுங்கினேன். “கரிக்கல சாமி. வெறும் மண்ணாத்தான் இருக்கு.”

“நாலு கொத்தனாருக்குச் சொல்லி வச்சிட்டேனே சாமி,” என்றான் கருத்தப்பாண்டி மெதுவாக. சாமியார் தலையை ஆட்டிவிட்டு, “வேற ஆளத்தான் பாக்கணும்,” என்று சைக்கிளை எடுக்கப் போனார்.

வாசற்படியில் நின்ற சவுந்தரம் இறங்கி வந்தாள். என்னைத் தாண்டிப் போய்ச் சுவரில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். தூவென்று துப்பினாள்.

“உப்பு சாமி. எங்க கிணத்து உப்பு. ஊத்துனது நானு. ஊத்தச் சொன்னது இவுக.”

“உள்ள போடி!” என்று கத்தினேன். அவள் போகவில்லை.

சாமியார் என்னைப் பார்த்தார். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரோ கருத்தப்பாண்டி பக்கம் திரும்பி, “நாளைக்கே சாரம் கட்ட ஆரம்பிச்சிரு,” என்றார்.

ஐந்து வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எல்லாருக்கும் முன்னால் போய்விடுவேன். பக்தி என்று ஊர் நினைக்கிறது. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, சுவரை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறேன். எங்கேயாவது ஒரு மூலை பொரிந்திருக்காதா என்று. ஒரு பொட்டு உதிரவில்லை. பாவிப்பயல் நன்றாகத்தான் பூசியிருக்கிறான்.